பின்வாசல் மட்டும் தெரிந்த ஹோட்டல்

"அண்ணே, முன்னால போவாதீங்க. அந்தச் சந்துல திருப்புங்க, பின்னால போயிரலாம்."

டாக்சிக்காரரிடம் அப்பா இப்படிச் சொன்னபோது நான் கைக்கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். இறங்கி, டாக்சியும் போன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. இரண்டு பக்கமும் குப்பைத் தொட்டிகள். காஸ் சிலிண்டர்கள். காலடியில் மீன் கழுவிய தண்ணீர். எதிரே ஓர் இரும்புக் கதவு.

"அப்பா! இன்னிக்கி நாம விருந்தாளிப்பா."

அப்பா கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெற்றியில் தட்டிக்கொண்டார். "அட, ஆமா லா. கை தானா காட்டிருச்சி."

காவலுக்கு நின்ற மலாய்க்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். என் பட்டுச் சேலைகூட அவர் சந்தேகத்தைத் தீர்க்கவில்லை. துப்புரவு வேலைக்கு ஆள் எடுப்பது நேற்றோடு முடிந்துவிட்டது, அடுத்த மாதம் வந்து பாருங்கள் பாக்சிக், பெரியவரே, என்று மலாயில் அன்பாகவே சொன்னார். அப்பாவும் "தெரிமா காசி" என்று நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார். இதற்கு எதற்கு நன்றி?

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் நடந்தோம். அப்போதுதான் கவனித்தேன், அப்பாவின் சட்டைப் பையில் ஒரு பேனா செருகியிருந்தது. கறுப்பு மைப் பேனா, பொன்னிறக் கிளிப். அப்பா பேனா வைத்து நான் பார்த்ததே இல்லை. எதையாவது குறித்துக்கொள்ள எடுத்து வந்திருப்பார் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்க அன்றைக்கு எனக்கு நெஞ்சில் இடமில்லை.

கெட்டிக்கார வாசகி

போன வாரம் இந்தப் பத்தியில் என் டைப்பிங் வகுப்பு பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகி, "எல்லாரையும் பற்றி எழுதுகிறீர்கள், உங்கள் அப்பா என்ன வேலை செய்தார் என்று எங்குமே வரவில்லையே?" என்று கேட்டிருந்தார். கெட்டிக்காரி. இத்தனை வாரமாக நான் நழுவிக்கொண்டிருந்ததைப் பிடித்துவிட்டார். பழைய வியாதி அம்மா அது, சுலபத்தில் போகாது. இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா முனுசாமி, கிள்ளானில் மேட்டின் மேல் இருந்த அந்த வெள்ளைக்கார ஹோட்டலில் ரூம் பாய். பத்தொன்பது வயதில் சேர்ந்தபோதும் பாய், தலை நரைத்து, ஹோட்டலை இழுத்து மூடிய நாளிலும் பாய். முப்பத்து நான்கு வருடம் மேல்மாடியில் படுக்கை விரித்தார், ஷூ துடைத்தார், காலைத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில்தான் நான் பிறந்தேன். பதினோரு வயது வரை அந்தக் கட்டடத்தின் முதுகை மட்டுமே பார்த்து வளர்ந்தவள் நான். கொடியில் வரிசையாகக் காயும் வெள்ளை விரிப்புகள், கஞ்சி வாசனை, சமையல்கட்டுப் புகை. முன்பக்கம் எப்படி இருக்கும் என்று பள்ளிக்கூட பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

எப்போதாவது ராத்திரிச் சாப்பாட்டில் மிஞ்சிய கேரமல் கஸ்டர்டை அப்பா தகரக் குவளையில் கொண்டுவருவார். ஒரே ஒரு கரண்டி அது. நானும் அம்மாவும் பங்கு போட்டுக்கொள்வோம். அந்தக் கருகின சர்க்கரை ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. பிற்பாடு எத்தனையோ கடைகளில் தின்று பார்த்தேன், அது வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஹோட்டலை மூடினார்கள். நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். நான் மூன்றாம் படிவம் படிக்கும்போது அம்மா போய்விட்டார். அதற்குப் பிறகு நானும் அப்பாவும்தான்.

சுவரோரம்

அந்த ஹோட்டலில் ஒரு சட்டம் இருந்தது. தாழ்வாரத்தில் விருந்தாளி வந்தால் வேலைக்காரன் அப்படியே நிற்க வேண்டும். ஓரடி பின்வாங்கி, முதுகு சுவரில் படும்படி, கையில் இருப்பதை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணைத் தரையில் வைத்து. விருந்தாளி கடந்துபோய்ப் படியிறங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அசையலாம்.

ஹோட்டலை மூடிய பிறகும் அப்பாவின் உடம்பு அந்தச் சட்டத்தை மூடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் நடை ஒடுக்கமானது. அதில் நான் எதிரே வந்தால் அப்பா பட்டென்று சுவரோடு ஒட்டிக்கொள்வார். சின்ன வயதில் அது விளையாட்டு என்று நினைத்து நானும் எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு சிரிப்பேன். "வழி விடறதுக்கு ஒரு மனுஷன் பல்லி மாதிரியா ஒட்டுவான்?" என்று அம்மா திட்டுவார்.

விவரம் தெரிந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், அது கடைசியில் அப்பா மேலேயே போய் விழுந்தது. வெளியே நாலு பேர் முன்னால் அவர் அப்படி ஒதுங்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஒரு வடையும் ஒரு பொய்யும்

எண்பதுகளின் கடைசியில் எனக்கும் ரவீந்திரனுக்கும் கல்யாணம் பேசினார்கள். பேசினார்கள் என்ன, நாங்களே பேசி முடித்துவிட்டோம், பெரியவர்கள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். ரவீந்திரனின் அப்பா, சிவஞானம் மாமா, பொதுப்பணி இலாகாவில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டுச் சுவர் முழுக்கப் பட்டமளிப்புப் படங்கள். நான் முதன்முதலில் அந்த வீட்டுக்குப் போன அன்று, மாமி வடைத் தட்டை நீட்டியபடி கேட்டார்.

"அப்பா எங்கை பிள்ளை வேலை செய்தவர்?"

"கிள்ளான்ல, மேட்டு மேல இருந்த பழைய ஹோட்டல்ல, மாமி."

"என்ன வேலை?"

என் கண் அந்தச் சுவர்ப் படங்களில் இருந்தது. வாயில் வடை. "தலைமைக் கிராணி," என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வடை விழுங்கும் நேரம். இழுத்து மூடி, புறா அடைந்து கிடந்த ஹோட்டல், யார் போய் விசாரிக்கப் போகிறார்கள் என்ற தைரியம். ரவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "அம்மாட்டச் சொல்லிப்போடு தனம், நாள் போகப் போகக் கஷ்டம்," என்றான். நாளை நாளை என்று நாள் போனது.

அந்தப் பாழாய்ப் போன ஹோட்டலையா யாரோ வாங்கி, புதுப்பித்து, பழைய மெருகோடு திறக்க வேண்டும்! பத்திரிகையில் படம் பார்த்த மாமா துள்ளிக் குதித்துவிட்டார். கல்யாண வரவேற்பு விருந்து அங்கேதான். "உங்கடை அப்பா தலைமைக் கிளார்க்கா இருந்த இடமெல்லே, பிள்ளை. அவருக்கும் பெருமை."

மண்டபம் பார்க்க ஒரு சனிக்கிழமை காலை நேரம் குறித்தார்கள். காரில் கூட்டிப் போகிறேன் என்று மாமா சொன்னதை மறுத்துவிட்டேன். கிள்ளான் வரை ஒரே காரில் பேச்சு வளர்ந்தால் நான் எங்கே போவேன்? ரவிக்கு அன்று குவாந்தானில் வேலை.

இதோடு போகவில்லை. அழைப்பிதழின் மாதிரித் தாள் மாமாவின் பையில் இருந்தது. நம் ஆட்கள் வழக்கம் தெரியுமே, பெற்றோர் பெயருக்குக் கீழே உத்தியோகம் போடாவிட்டால் கை அரிக்கும். அதில் அப்பா பெயருக்குக் கீழே "ஓய்வுபெற்ற ஹோட்டல் தலைமைக் கிராணி" என்று இருந்தது. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அச்சானால் அப்பா படிப்பார். அப்பாவோடு வேலை பார்த்த சமையல்காரர் படிப்பார், துணி வெளுத்தவர் படிப்பார். கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தைவிட, தன் மகள் தன் வேலையை நினைத்துக் கூசினாள் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே, அந்தப் பயம்தான் என்னைத் தின்றது.

யன்னலடி மேசை

போர்ட்டிகோவில் மாமாவும் மாமியும் நின்றிருந்தார்கள். மாமா கோட்டு போட்டிருந்தார்.

"வாங்கோ மிஸ்டர் முனுசாமி. என்ன, அந்தப் பக்கத்தாலை வாறியள்?"

"தோட்டம் பாத்துட்டு வந்தோங்க சம்பந்தி. முன்ன அங்க ஒரு ரம்புத்தான் மரம் நின்னிச்சி," என்றார் அப்பா. பொய் என்று சொல்ல முடியாது. மரம் நின்றது உண்மை.

சுற்றிக்காட்ட வந்த பெண்ணை மிஸ் வோங் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து வயது, உயரக் குதிகால் செருப்பு, நல்ல சிரிப்பு. அவள் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். மாமா அப்பாவின் தோளில் கைபோட்டு அவளிடம் அறிமுகம் செய்தார்: "இவர் இந்த ஹோட்டலின் பழைய தலைமைக் கிராணி."

எனக்குக் காது அடைத்துவிட்டது. அப்பாவுக்கு ஆங்கிலம் புரியும். முப்பத்து நான்கு வருடம் கேட்டுக் கேட்டுப் பழகியவர். திரும்பி என்னைப் பார்ப்பார், "யாரு கிராணி?" என்பார் என்று காத்திருந்தேன்.

அப்பா அசையவே இல்லை. "யெஸ்," என்றார்.

"அப்படியா அங்கிள்! ஆபீஸ் எந்தப் பக்கம் இருந்தது?"

"அந்தா, அந்த ரூம். கதவுல பித்தளைத் தகடு இருக்கும்." லீவு கேட்க அந்தக் கதவுக்கு வெளியே நின்ற மனிதருக்கு அது தெரியாதா? மிஸ் வோங் குறித்துக்கொண்டாள். நான் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனோம். கறுப்பும் வெள்ளையுமாகத் தரைக்கற்கள், மேலே மெதுவாகச் சுற்றும் விசிறிகள், உயரமான மரச் சட்ட ஜன்னல்கள். அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். பின்னால் இருந்தே பார்த்த எனக்கு அது வேறு ஏதோ ஊர் மாதிரி இருந்தது.

மாமா நேராக ஒரு ஜன்னலோர மேசைக்குப் போய் அதன் மேல் கையை வைத்தார். "இதுதான். இந்த யன்னலடி மேசையிலை இருந்துதான் நானும் என்ரை துரையும் மத்தியானம் சாப்பிடுறனாங்கள். நான் அப்ப கிள்ளான் ஆபீசிலை சின்னப் பெடியன். என்னை விட்டுட்டுச் சாப்பிடமாட்டார்."

மாமி ஜன்னல் திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கதையை அவர் முன்பே கேட்டிருக்கிறார் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் அப்பாவைப் பார்த்தேன். சுதந்திரத்துக்கு முந்திய அந்தக் காலத்தில், இந்த மண்டபத்தில் நம் நிறத்தில் யாரும் நாற்காலி இழுத்து உட்கார்ந்ததில்லை. டாக்டர் ஆனாலும் சரி, வக்கீல் ஆனாலும் சரி. இதை எனக்கு நூறு தரம் சொன்னவர் அப்பாதான். ஒரு வார்த்தை போதும், மாமாவின் கோட்டு கிழிந்துவிடும்.

"ஆமாங்க," என்றார் அப்பா. "நல்ல மேச. காத்து வரும், வெயில் அடிக்காது."

படுக்கையின் மூலை

மேல்மாடிக்குப் போக முன் மண்டபத்தில் இருந்து அகலமான மரப்படி. மிஸ் வோங் டக் டக்கென்று ஏறிவிட்டாள், மாமியும் ஏறினார். அப்பா முதல் படியில் கால் வைக்காமல் நின்றார். மாமாவும் நின்றார்.

"நீங்க போங்க சம்பந்தி."

"இல்லை, நீங்கள் முதல் போங்கோ."

"பரவால்ல, நீங்க..."

மரியாதை என்று நினைத்துக்கொண்டு நான் இரண்டு பேர் முதுகிலும் கை வைத்துத் தள்ளாத குறையாக ஏற்றினேன்.

மேலே பெரிய அறை ஒன்றைத் திறந்து காட்டினாள். மணமக்கள் தங்க அதை இலவசமாகத் தருவார்களாம். நான்கு கால் கட்டில், கொசுவலை, வெள்ளை விரிப்பு. விரிப்பின் ஒரு மூலை சரியாகச் செருகப்படாமல் தொங்கியது. எல்லாரும் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் கை அங்கே போனது. மெத்தையைத் தூக்கி, மடித்து, இழுத்து, செருகினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் மூலை கத்தி முனையாக நின்றது.

நிமிர்ந்தால் மாமி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"கிராணியார் கட்டிலும் விரிப்பாரோ?" என்றார்.

"அம்மா போனதுக்கு அப்புறம் வீட்டு வேலையெல்லாம் அப்பாதான், மாமி," என்று நான் முந்திக்கொண்டேன். மாமி "ஓம், ஓம்," என்றார். அந்த "ஓம்" எனக்குப் பிடிக்கவில்லை. மிஸ் வோங் குளியலறையைக் காட்ட அவரை அழைத்தாள். நாங்கள் மூன்று பேரும் தாழ்வாரத்துக்கு வந்தோம்.

நீளமான தாழ்வாரம். மெழுகு வாசனை. மாமா, நாற்காலிகளை எப்படிப் போடுவது, பெரியவர்களை எங்கே உட்கார வைப்பது என்று ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தார். அப்போது கடைசி அறைக் கதவு திறந்தது. ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும், அரைக்கால் சட்டையும் கழுத்தில் காமிராவுமாக, எங்களை நோக்கி நடந்து வந்தார்கள்.

அப்பா ஓரடி பின்வாங்கினார். முதுகு சுவரில் பட்டது. கை மார்புக்கு வந்தது. கண் தரைக்குப் போனது.

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன்.

மாமா அங்கே இல்லை. எதிர்ச் சுவரில் இருந்தார். முதுகு ஒட்டி, அழைப்பிதழ் இருந்த பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்து, கண் தரையில்.

இரண்டு கிழவர்களும் எதிரெதிர்ச் சுவர்களில் நிற்க, நடுவில் அந்தத் தம்பதி திகைத்துப்போய், "குட் மார்னிங், குட் மார்னிங்," என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டு கடந்து போனார்கள். படியிறங்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் இருவரும் தலை நிமிர்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

மாமாதான் முதலில் வாய் திறந்தார். குரல் இறங்கியிருந்தது. "எத்தினை வருசம் இந்த மாடியிலை?"

"முப்பத்தி நாலு."

"நான் அந்தப் படியடியிலை நிக்கிறனான். பைலோடை, சுவரோடை ஒட்டிக்கொண்டு. துரை எழும்பி, சவரம் எடுத்து, சாப்பிட்டு முடிச்சுக் கையெழுத்துப் போடுமட்டும் நிக்க வேணும். சில நாள் இரண்டு மணித்தியாலம். இருக்க ஒரு கதிரை தரமாட்டாங்கள்."

அப்பா தலையைக் குனிந்தார். "நாற்காலி நெறைய இருந்திச்சிங்க. கிராணிமாருக்குப் போடக் கூடாதுன்னு எங்களுக்கு ஆர்டர். மொகம் ஞாபகமில்ல, அப்படி நெறைய பேர் நின்னாங்க. ஒருவேள உங்கள நிக்க வச்சதே நானா இருக்கும். மன்னிச்சிருங்க."

"சீ, நீங்கள் என்ன செய்யிறது," என்றார் மாமா. பையில் இருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சொன்ன பொய் இப்போது அவருக்குத் தெரியும். அவர் சொன்ன பொய் எங்களுக்குத் தெரியும். மாமி அறையில் இருந்து வெளியே வந்தபோது மூவரும் சுவரில் தொங்கிய ஒரு படகுப் படத்தை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எல்லாம் சரியா இருக்கு

கீழே தேநீர் கொடுத்தார்கள். வெள்ளரிக்காய் சாண்ட்விச், ஜாம், பீங்கான் கோப்பை. பிரம்பு நாற்காலியின் நுனியில் அப்பா உட்கார்ந்தார். அந்தக் கட்டடத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மாமா பையைத் திறந்து அழைப்பிதழ்த் தாளை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அப்பாவிடம் நீட்டினார். "ஒருக்காப் பாருங்கோ மிஸ்டர் முனுசாமி. பிழை இருந்தால் இப்பவே திருத்துவம்."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கோயில் வகுப்பில் கற்ற தமிழ், ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசிப்பார். விரல் பிள்ளையார் சுழியில் தொடங்கியது. என் பெயரில் கொஞ்சம் நின்றது. தன் பெயருக்கு வந்தது. அதற்குக் கீழ் வரிக்கு வந்தது. அங்கே நிற்கவே இல்லை. அதே வேகத்தில் தாண்டிப் போய்க் கடைசி வரியில் முடிந்தது.

"எல்லாம் சரியா இருக்கு," என்றார் அப்பா.

தாளை மடித்து மாமாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனார். அந்தக் கையைப் பார்த்தேன். இத்தனை வருடம் யார் யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கிய மனிதர், இப்போது எனக்காக ஒதுங்குகிறார். நான் கடந்து போகட்டும் என்று.

"இல்ல," என்றேன். "சரியா இல்ல. மாமி, நான் பொய் சொன்னேன். அப்பா கிராணி இல்ல. மேல்மாடியில ரூம் பாய். அப்பா சொல்லச் சொல்லல, நானாத்தான் சொன்னேன்."

மாமி கோப்பையைத் தட்டில் வைத்தார். எவ்வளவு மெதுவாக வைத்தாலும் பீங்கான் சத்தம் போடும், கவனித்திருக்கிறீர்களா?

"அந்தக் கட்டில் மூலையைக் கண்டவுடனை நினைச்சனான்," என்றார். "கிராணிமாருக்கு அந்தக் கை வராது. நான் ஒரு கிராணியோடை நாற்பது வருசம் இருக்கிறன், விரிப்பை உதறக்கூடத் தெரியாது." பிறகு என்னைப் பார்த்தார். "வேலைக்கு எனக்குக் கோவமில்லைப் பிள்ளை. பொய்க்குக் கோவம். கொஞ்ச நாளைக்கு இருக்கும், பொறுத்துக்கொள்ளும்."

"அப்ப என்னிலையும் கோவிக்க வேணும்," என்றார் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்த யன்னலடி மேசை..."

"அது எனக்குக் கலியாணம் முடிச்ச வருசமே தெரியும்! துரையோடை சாப்பிட்ட மனுசன் வீட்டை வந்து பழஞ்சோறு பழஞ்சோறெண்டு ஏன் பறக்கிறார்?"

அப்பா சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அப்புறம் மாமாவும். மிஸ் வோங் தூரத்தில் இருந்து பார்த்துத் தானும் சிரித்தாள், மண்டபம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

"சரி," என்றார் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீயே திருத்து பிள்ளை."

நான் அப்பாவின் பையில் இருந்து அந்தப் பேனாவை உருவினேன். மூடியைத் திறந்து, "தலைமைக் கிராணி" மேல் கோடு இழுத்தேன். கோடு விழவில்லை. உதறினேன். மறுபடி இழுத்தேன். தாள்தான் கீறியது.

"அதுல மை இல்லம்மா," என்றார் அப்பா.

"வாங்கினப்ப ஊத்தலையாப்பா?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். மாமா மாமிக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பார். கேட்டது.

"எழுதறதுக்கா வாங்கினேன்? ரெண்டு மாசத்துக்கு முன்ன போன்ல சம்பந்தி, 'தலைமைக் கிராணியார் வீடோ'ன்னு கேட்டாரு. அப்பவே புரிஞ்சிருச்சி. கிராணின்னா பாக்கெட்ல ஒரு பேனா இருக்கணும்ல? நாளைக்கி உனக்கு ஒரு தலக்குனிவு வரக் கூடாதுன்னு மறுநாளே கடைக்கிப் போனேன்."

இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் இந்த மனிதர் காலையில் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று விரட்டினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. நான் அது ஹோட்டல் என்றும் பார்க்காமல், மாமியார் என்றும் பார்க்காமல், மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

மாமா தன் கோட்டுப் பையில் இருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் கையில் வைத்தார். தலைமைக் கிராணியின் பேனா. முதல் கீறலிலேயே நீலமாக ஓடியது.

பழைய வரியை அடித்துவிட்டு, "ஓய்வுபெற்ற அறைப் பணியாளர்" என்று எழுதினேன். அப்பா விரலை வைத்து வாசித்தார்.

"அது யாரு?" என்றார்.

"நீங்கதாம்பா. நல்ல தமிழ்ல."

"யாருக்கும் வெளங்காதும்மா. ரூம் பாய்னு எழுது. அப்படித்தான் கூப்பிட்டாங்க."

அதையும் அடித்துவிட்டு எழுதினேன். மை காயட்டும் என்று ஊதினேன்.

"படிச்சுக் காட்டு," என்றார்.

"முனுசாமி, ஓய்வுபெற்ற ரூம் பாய்."

அப்பா நாற்காலியின் நுனியில் இருந்து பின்னால் நகர்ந்தார். முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டார். மை இல்லாத பேனாவை மூடி, பையில் செருகி, ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா படி," என்றார்.

படித்தேன். அந்த மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும்.